கழித்த வானம்

கழித்து முடித்த படத்தில் தழும்பு இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தால் மட்டும் தெரிகிற, சுற்றியிருந்த கருப்பைவிட ஒரு சாயல் கூடுதலாகக் கருத்த நான்கு கோடுகள், படத்தின் இடது விளிம்பிலிருந்து சாய்வாக ஏறி வந்து, நடுவில் சிவப்புப் புள்ளிகளாகக் கூடியிருந்த அவளுடைய விண்மீன் மண்டலக் கொத்தின் மேல் போய் நின்றன. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். கோடுகள் அங்கேயே இருந்தன. ஏசி விட்டுவிட்டு முனகிக்கொண்டிருந்தது. சூடேறிய கம்ப்யூட்டர்களின் தூசி வாசனையும், காலையில் பாதி குடித்து வைத்த காபியின் புளித்த வாசனையும் மூடிய அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தன.

வெளியே உச்சி வெயில். அவள் வேலை பார்த்த தொலைநோக்கி உலகத்தின் மறுபக்கத்தில் ஒரு மலைமேல் இருந்தது. இங்கே மதியம் என்றால் அங்கே நள்ளிரவு. அதனால் அவள் சாப்பாட்டு நேரத்தில் ஜன்னல் திரைகளை இழுத்து மூடி, விளக்கை அணைத்து, தனக்கென்று ஓர் இரவைச் செய்துகொண்டு உட்காருவாள். பட்டப்பகலில் நட்சத்திரம் பார்க்கிற ஒரே பொம்பளை என்று அலுவலகத்தில் கிண்டல் செய்வார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

வானம் முழுவதையும் அகச்சிவப்பில் படமெடுத்து வைத்த ஒரு பெரிய தொகுப்பிலிருந்து அவள் அந்தக் கொத்தைக் கண்டுபிடித்திருந்தாள். கோடிக்கணக்கான புள்ளிகளில், மிகச் சிவந்த புள்ளிகள் எங்கே நெருங்கி நிற்கின்றன என்று சலித்துச் சலித்துத் தேடியதில் அகப்பட்டது அது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு விண்மீன் மண்டலம். பூமி என்று ஒன்று உருவாகும் முன்பே புறப்பட்ட வெளிச்சம். ஆனால் நெருங்கி நிற்பவை எல்லாம் ஒரே குடும்பம் ஆகிவிடாது. பஸ் ஸ்டாண்டில் போட்டோ எடுத்தால் முன்னால் நிற்பவனும் பின்னால் நிற்பவனும் தோளோடு தோள் ஒட்டி நிற்பதுபோலத்தான் விழும். ஒவ்வொன்றும் எவ்வளவு தொலைவு என்று தனித்தனியாக அளந்து, எல்லாம் ஒரே தொலைவில் இருக்கிறது என்று காட்டினால்தான் கொத்து உறுதியாகும். இதுவரை ஐந்து மண்டலங்களை அளந்திருந்தாள். ஐந்தும் ஒரே தொலைவு. இன்றைய மதியம் முழுவதும் தொலைநோக்கி அவளுக்குத்தான். இன்னும் சிலவற்றை அளந்துவிட்டால் போதும். இந்த நேரம் பார்த்து, வேறொரு நாட்டுக் குழு அதே இடத்தைத் தங்கள் தொலைநோக்கியில் பார்த்ததாகவும், அங்கே கொத்து எதுவும் இல்லை என்றும் எழுதியிருந்தது.

வேறொரு நாளாக இருந்திருந்தால் அந்த வரிகள் அவளைத் தூங்கவிட்டிருக்காது. இப்போது அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறு.

அவள் மகளுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள். ஒன்றாம் வகுப்பு. வால் இல்லாத குரங்கு என்று அப்பாவிடம் பட்டம் வாங்கியவள். அந்தப் பிள்ளை சில வாரங்களாகக் கதவு நிலையில் இடித்துக்கொண்டது. நீட்டிய தம்ளரைப் பிடிக்கத் தெரியாமல் காற்றில் துழாவியது. டிவி பார்க்கும்போது வேலிச் சந்து வழியாகப் பார்ப்பவளைப் போல் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தது. காலையில்தான் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தார்கள். சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, எழுத்து படிக்கச் சொல்லி, என்னென்னவோ செய்துவிட்டு, கண் பளிங்குபோல் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். பிறகு அவள் பக்கம் திரும்பி, நீங்கள் வீட்டில் எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்று கேட்டார்.

அங்கிருந்து பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது காரின் பின்சீட்டிலிருந்து வாண்டு சொன்னாள்.

"நடுவுல நடுவுல மட்டும்தான்மா தெரியுது."

எதற்கு நடுவில் என்று அவள் கேட்கவில்லை. போக்குவரத்தில் கவனமாக இருந்தாள். இப்போது தழும்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வாக்கியம் ஏனோ திரும்ப வந்து காதருகே நின்றது.

அகச்சிவப்பு என்பது சூடு. காற்றும் ஒளிரும், கண்ணாடியும் ஒளிரும், தொலைநோக்கியின் குழாயும் ஒளிரும். அதற்குள் தூரத்து மண்டலத்தைத் தேடுவது நடுப்பகலில் தீக்குச்சி வெளிச்சத்தைத் தேடுகிற கதை. அதற்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் இடையில் தொலைநோக்கியைச் சற்றே நகர்த்துவார்கள். மண்டலங்கள் படத்துக்குப் படம் இடம் மாறும். எது மாறாமல் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கிறதோ, அது வானத்தில் இருப்பதில்லை, நம்முடைய பக்கத்துச் சமாச்சாரம். அதை மட்டும் தனியாகத் திரட்டி, வானப்படம் என்று பெயர் வைத்து, எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிடுவார்கள். மிஞ்சுவதுதான் விஞ்ஞானம். கழித்த வானப்படத்தை யாரும் பார்ப்பதில்லை. வீட்டுக் குப்பையை யார் கிளறிப் பார்க்கிறார்கள்? கழித்த கையோடு அது அழிந்துவிடும். அழிக்கச் சொல்லும் வரியை இந்த நிரலில் எழுதியதே அவள்தான்.

ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியும். கழிக்கப்படுவது அசையாமல் இருந்தால் சுவடு தெரியாமல் கழிந்துவிடும். தழும்பு விழுகிறதென்றால், அசையக்கூடாத ஏதோ ஒன்று இடையில் அசைந்திருக்கிறது.

அழிக்கச் சொல்லும் வரியை நீக்கி, நிரலை மறுபடி ஓட்டி, வானப்படத்தைத் திறந்தாள்.

மங்கிய சாம்பல் பரப்பில், இடமிருந்து சாய்வாக, நான்கு வெளிறிய பட்டைகள்.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. கேமராவின் சில்லு பட்டை பட்டையாகப் படிக்கப்படுவது. ஒரு பட்டைக்கும் இன்னொன்றுக்கும் வெளிச்ச வித்தியாசம் வருவது சகஜம். கேமராக்காரரை வரச்சொல்லி போன் செய்தாள்.

அவரை எல்லோரும் மஃப்ளர் என்பார்கள். மலைக்கு அனுப்புகிற கேமராக்களை இங்கே குளிரூட்டிய கூடத்தில் வைத்துச் சோதிக்கிற என்ஜினியர். கோடையிலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருப்பார். கழுத்துவலி, தலையைத் திருப்ப முடியாது என்று எதைப் பார்த்தாலும் உடம்பையே திருப்பிப் பார்ப்பார். அறைக்குள் வந்ததும் குளிர்ந்த இரும்பின் வாசனை அடித்தது. அப்படித்தான் உடம்பை முழுசாகத் திருப்பித் திரையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"ரீடவுட் பட்டை நேராத்தான்மா இருக்கும்," என்றார். "இது வளையுது."

வளையத்தான் செய்தது. அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடிக்க அவள் தயாராக இருந்தாள். புதுக் கேமரா, போன மழைக்குப் பிறகுதான் பொருத்தினார்கள், பொருத்தியதில் ஏதாவது கோளாறு இருக்கும் என்றாள். பழைய கேமராவின் படங்களை எடுத்து, அவற்றிலிருந்து வானத்தைத் திரட்டினாள்.

நான்கு பட்டைகள். அதே சாய்வு.

அப்படியானால் தொலைநோக்கியின் கோளாறு. வேறு மலை, வேறு தொலைநோக்கி. பொதுவில் கிடக்கும் படங்களை இறக்கினாள். இறங்கும் வரை ஏசி முனகியது, நின்றது, மறுபடி முனகியது. திரட்டினாள். அதே நான்கு. கொத்து இல்லை என்று எழுதியவர்களின் படங்களையும் எடுத்தாள். அவற்றிலும் இருந்தது. அங்கே ஒரு பட்டை, சரியாக அவளுடைய கொத்தின் மேலேயே படுத்திருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு மறைக்கப்பட்டிருந்தது. கடைசியாக, தயங்கித் தயங்கி, காற்றும் இல்லாத, குவிமாடமும் இல்லாத, பூமிக்கு மேலே தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும் விண்கலத்தின் படங்களைத் திறந்தாள். அவற்றிலிருந்துதான் அவள் கொத்தைக் கண்டுபிடித்தாள். அந்தப் படங்களை உலகமே கொண்டாடியது.

அங்கேயும்.

பயத்திலும் பழக்கம் விடவில்லை. வானப்படங்களை ஆண்டு வாரியாக அடுக்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினாள். பழைய படங்களில் பட்டைகள் ஒன்றுக்கொன்று எட்ட இருந்தன. வருடம் செல்லச் செல்ல நெருங்கின. இடைவெளிகள் ஒடுங்கின. ஒவ்வொரு பட்டையிலும் இரண்டிரண்டு இடத்தில் மெல்லிய மடிப்பு இருந்தது. மூன்று துண்டுகள். கடைசித் துண்டு குட்டை. மேல்நுனி உருண்டை.

அவள் தன்னையறியாமல் வலது கையைத் தூக்கித் திரையின்மேல் சாய்வாக வைத்தாள். பொருந்தியது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மஃப்ளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது, வந்ததும் நெஞ்சில் ஓங்கி அடித்தது. ஒரு விடுமுறை நாள். வாண்டுவை விட்டுவர ஆளில்லாமல் அலுவலகத்துக்குக் கூட்டி வந்திருந்தாள். பிள்ளை நச்சரிப்பு தாங்காமல், கழிக்காத படங்களைத் திரையில் ஓடவிட்டு ஒரு விளையாட்டு சொல்லிக்கொடுத்தாள். எல்லாப் படத்திலும் மாறாமல் அதே இடத்தில் இருப்பது எது, கண்டுபிடி பார்க்கலாம். பிள்ளை இதே நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கண்ணும் கருத்துமாகப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் சொன்னது.

"விரல்மா. யாரோ பொத்துறாங்க."

அவள் மெயில் அடித்துக்கொண்டிருந்தாள். சரி சரி, அடுத்ததைப் பாரு என்றாள். அந்த வாரம்தான் பிள்ளை முதல்முறை கதவில் இடித்துக்கொண்டது.

மகளுக்குக் கண் இப்படி ஆனதையும் விளையாட்டையும் மஃப்ளரிடம் சொன்னாள். குரல் யாருடையதோபோல் ஒலித்தது. அவர் கேட்டு முடித்துவிட்டு, நம் கண்ணுக்குள்ளேயே பார்வைக்கு முன்னால் ரத்தக்குழாய்கள் வலைபோல் படர்ந்திருக்கின்றன, யாராவது அதைப் பார்த்திருக்கிறோமா என்று கேட்டார். அசையாமல் ஒரே இடத்தில் இருப்பதால் மூளை அதைக் கழித்துவிடுகிறது. பிறந்ததிலிருந்து கழித்துக்கொண்டே இருக்கிறது. இதுவும் அந்தக் கணக்கில்தான் போய்க்கொண்டிருந்திருக்கும் என்றார். பிறகு, கழுத்திலிருந்த மஃப்ளரைத் தளர்த்தினார். அவள் அவர் கழுத்தை அன்றுதான் பார்த்தாள். அதில் ஒரு குறையும் இல்லை.

"நான் ஒரு தடவை பார்த்துட்டேன்மா. கூடத்துல, கையில வச்சிருக்கற வெப்பக் கேமராவுல. அதுக்கப்புறம் எனக்கு இடது பக்கம்னு ஒண்ணு இல்ல. கழுத்துவலின்னு சொல்லிட்டுத் திரியறேன்."

"மறுபடி எப்படிண்ணா கழிக்கறது? என் பொண்ணுக்கு?"

"பார்த்ததை எப்படிம்மா கழிக்கறது," என்றார் அவர். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

திரையில் புதுப் படம் ஒன்று வந்து விழுந்தது. மறுபக்கத்து இரவில் தொலைநோக்கி அதுபாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அளந்து வைத்த ஐந்து மண்டலங்களில் இரண்டைக் காணவில்லை. மேகம் இல்லை, கோளாறு இல்லை என்றது திரையின் ஓரத்திலிருந்த தகவல் கட்டம். இன்னொரு படம் விழுந்தது. ஒன்றுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து கணவனின் போன். வாண்டு பள்ளிக்கூடப் படியில் உருண்டுவிட்டாள், பெரிய அடி இல்லை, கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், நீ கிளம்பி வா என்றான்.

கிளம்பும்போது மஃப்ளரின் வெப்பக் கேமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். குழாய்களில் எங்கே குளிர் கசிகிறது என்று பார்க்க அவர் வைத்திருக்கும் கைக்கேமரா. எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அது அடிக்கடி 'டிக்' என்று தன் கண்ணைத் தானே மூடித் திறந்துகொள்ளும், மூடுகிற நொடியில் எப்போதும் இருப்பது எது என்று பார்த்துக் கழித்துக்கொள்ளும், அந்த டிக்கை நிறுத்தும் பொத்தான் பக்கவாட்டில் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். பார்க்காமல் இருந்தால் நல்லது என்றும் சொன்னார். ஆனால் அவளுக்கு, பிள்ளையின் கண்மேல் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு வாய் தண்ணீர் இறங்காது.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கவில்லை. கணவன் வாசலிலேயே நின்றான், முகம் செத்துப் போயிருந்தது. முட்டியில் தோல் பெயர்ந்திருக்கிறது, கழுவிவிட்டேன், மருந்தும் கட்டுத்துணியும் வாங்கி வந்துவிடுகிறேன் என்றான். செருப்பு மாட்டிக்கொண்டே குரலைத் தணித்து, "தடவித் தடவித்தான் நடக்கறா. எனக்குப் பயமா இருக்கு" என்றான். அவனை இவ்வளவு சின்னக் குரலில் அவள் கேட்டதே இல்லை. படியில் அவன் காலடிச் சத்தம் இறங்கி இறங்கித் தேய்ந்தது.

வீட்டுக்குள் டெட்டால் வாசனை. ஃபிரிட்ஜ் உறுமிவிட்டு அடங்கியது. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக விழுந்த வெயில் கூடத்துத் தரையில் ஒரு சதுரமாகக் கிடக்க, அதற்கு அப்பால், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வாண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக் கட்டைகள். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவா?"

"அம்மாதான் தங்கம்."

பிள்ளை குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பியது. சரியான பக்கம் இல்லை. கொஞ்சம் தள்ளி. ஓடிப்போய் அள்ளிக்கொள்ளத்தான் நினைத்தாள். ஆனால் முதலில் பார்த்தாக வேண்டும். பையிலிருந்து கேமராவை எடுத்து உயிர்ப்பித்தாள். சின்னத் திரையில் கூடம் நீலமாகவும் மஞ்சளாகவும் விரிந்தது. வெயில் சதுரம் வெள்ளையாக எரிந்தது. பிள்ளை ஆரஞ்சு நிறத்தில், அழகாக, முழுசாக, கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

டிக்.

படம் ஒரு நொடி உறைந்து மறுபடி அசைந்தது. ஒன்றும் இல்லை. சுவர். பிள்ளை. கட்டைகள்.

டிக்.

பக்கவாட்டில் இருந்த பொத்தானை அழுத்தினாள். டிக் நின்றது. வீட்டில் ஏற்கெனவே இருந்த அமைதிக்குள் இன்னொரு அமைதி வந்து உட்கார்ந்துகொண்டது. சொட்டிக்கொண்டிருந்த குழாய்கூட நின்றுவிட்டதா, அல்லது அவளுக்குத்தான் கேட்கவில்லையா என்று தெரியவில்லை. திரையில் மெல்ல மெல்ல, ஆவி படிவதுபோல, ஒரு மங்கல் படர்ந்தது. இடமிருந்து சாய்வாக. நான்கு.

கேமராவைச் சமையலறைப் பக்கம் திருப்பினாள். நான்கும் வந்தன. கூரைப்பக்கம். வந்தன. தரைப்பக்கம். வந்தன. அவளுடைய கேமராவின் முன்னால், அவளுடைய கையைவிடப் பெரிய கை ஒன்று, அவசரமே இல்லாமல், பொத்தாமல் பொத்தியிருந்தது.

விரல்களுக்கு நடுவே பிள்ளையைத் தேடினாள். கிடைத்தாள். வாண்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"கையை எடு செல்லம். அம்மா உன்னைப் பார்க்கணும்."

"நான் கையே வைக்கலையே."

கேமராவைக் கீழே இறக்கினாள். பிள்ளையின் ஒரு கையில் சிவப்புக் கட்டை, இன்னொரு கையில் பச்சைக் கட்டை. முகம் திறந்து கிடந்தது. கண்கள் அகல விரிந்து, ஒன்றையும் பார்க்காமல் இருந்தன.

கேமராவை ஏற்றினாள்.

முகத்தின்மேல் கை. நெற்றியிலிருந்து வாய்வரை. சந்தே இல்லாமல் சேர்ந்த விரல்கள்.

பிள்ளைக்குப் பின்னால் சுவர்தான். சுவரில் சாய்ந்துதானே இருக்கிறாள். அப்படியென்றால் இந்தக் கை எங்கிருந்து வருகிறது? திரையில் மணிக்கட்டிலிருந்து கையைத் தொடர்ந்து கேமராவை நகர்த்தினாள். முன்கை நீண்டது. வெயில் சதுரத்தைத் தாண்டியது. முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் முழங்கை இல்லை, இன்னும் கை. நீண்டது. கிட்டே வர வரத் தடித்தது. கூடத்தின் நடுவே உயர்ந்து, அவளை நோக்கி வந்து, கேமராவின் மேல்விளிம்பைத் தாண்டிப் போனது.

அவள் தலைக்கு மேலாக.

அவளுக்குப் பின்னால்.

திரும்பவில்லை. திரும்பவே முடியாது. கழுத்து மரக்கட்டையாகிவிட்டது. பிடரியில் ஒரு சூடு தட்டியது. மூச்சு இல்லை. வெறும் சூடு. இவ்வளவு நாளும் இருந்திருக்கிறது. சமைக்கும்போது. தூங்கும்போது. பிள்ளையைப் பெற்றபோதும். ஒரு கை அவள்மேல். ஒரு கை பிள்ளைமேல். பிள்ளை பார்த்துவிட்டதால் பிள்ளைக்கு மட்டும் விரலை இறுக்கிக்கொண்டது.

"அம்மா," வாண்டு மெதுவாகக் கேட்டாள். "உனக்கும் தெரியுதா?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பயத்தையும் மீறிக்கொண்டு அழுகை வந்தது. யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமலே பேசினாள். பின்னால் திரும்பாமல் பேசினாள்.

"பார்க்கச் சொன்னது நான்தான். அவ குழந்தை, அவளுக்கு என்ன தெரியும். என்னைப் பொத்திக்கோ. எனக்கு அந்தக் கொத்து வேண்டாம், வானமே வேண்டாம். அவளை விட்டுடு."

கேமரா மடியில் பிள்ளையின் பக்கம் பார்த்தபடியே நின்றது. அதன் சின்னத் திரையில், ஆரஞ்சு முகத்தின்மேல் இருந்த விரல்களில் ஒன்று விலகியது. இன்னொன்று. கடைசியாகச் சுண்டுவிரல், பிள்ளையின் கன்னத்தை ஒருமுறை வருடிவிட்டு எழுந்தது. கை மேலே ஏறி, திரைக்கு வெளியே போயிற்று.

பிறகு திரை தேவைப்படவில்லை. வெறும் கண்ணிலேயே தெரிந்தது. இடப்பக்கத்திலிருந்து நான்கு. வலப்பக்கத்திலிருந்து நான்கு. சூடாக. மெதுவாக.

"அம்மா!" வாண்டு எழுந்து நின்றுவிட்டாள். கட்டைகள் சரிந்து உருண்டன. "தெரியுதும்மா! எல்லாம் தெரியுது! நீ மஞ்சள் டிரஸ் போட்டிருக்க!"

பிள்ளை சிரித்தது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு, ஈறு தெரிய, குதித்துக் குதித்துச் சிரித்தது. விரல்களுக்கு நடுவே மிஞ்சியிருந்த கோட்டளவு வெளிச்சத்தில் அந்தச் சிரிப்பை அவள் பார்த்தாள். அது போதும் என்று நினைத்தாள். நிஜமாகவே போதும் என்றுதான் நினைத்தாள்.

குதிப்பது நின்றது.

வாண்டுவின் கண்கள் அம்மாவின் முகத்திலிருந்து நகர்ந்து, அம்மாவின் தலைக்கு மேலே போய் நின்றன. நன்றாகத் தெரிகிற கண்கள். இனி எதையும் கழிக்கத் தெரியாத கண்கள். சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது. கண்கள் மேலே ஏறின. முகமும் கூடவே ஏறியது. மோவாய் உயர்ந்தது. கதவு நிலையின் உயரம் தாண்டி, சுவர்க் கடிகாரம் தாண்டி, ஒட்டடை படிந்த மூலை தாண்டி, கூரை. அங்கேயும் நிற்கவில்லை.

அவள் கூப்பிட வாயைத் திறந்தாள். இடைவெளி நூலாகிவிட்டது. அந்த நூலில் கடைசியாகத் தெரிந்தது, பிள்ளையின் பின்னோக்கி மடிந்த தலையும், விறைத்து நீண்ட சின்னத் தொண்டையும். வாண்டு இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் மேலே, அதன் முகம் இருக்கும் இடத்தைத் தேடி.